பின்சீட்டில் பிரேக் இல்லை

1

உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, தெரிந்தது. சமையலறை ஜன்னல் வழியாக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்தரை மணி இருக்கும். எதிர்வீட்டு மாஸ்டர் தன் மனைவியை வெளிச்சுவரோடு ஒட்டி நிறுத்தி, அவர் கால்களுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தைச் செருகி, "இன்னும் மேல தூக்கு. இன்னும். முதுகை வளைக்காத" என்று அதட்டிக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரைத் தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். நான் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். நீங்களாக இருந்தாலும் நிறுத்தியிருப்பீர்கள். நல்லவர் மாதிரி நடிக்க வேண்டாம்.

அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உப்பு கேட்கப் போனேன். (என் வீட்டில் இரண்டு பாக்கெட் உப்பு இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

"வண்டி வாங்கப் போறோம்" என்றார் அக்கா, உப்பை அள்ளிப் போட்டபடி. "எவ்வளவு உசர சீட்டு வரைக்கும் எனக்குக் கால் எட்டும்னு அளக்குறாராம். எழுபத்து மூணு சென்டிமீட்டர். செருப்பு வாங்கக்கூட என் அளவு தெரியாத மனுஷன்."

கால்களுக்கு நடுவே இருந்த புத்தகம், சாலை விதிகள்.*

* மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இருபத்தாறு வருஷம். இந்தப் பக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். நானும்தான்.

2

எப்படித் தொடங்குவது என்று நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். உடைந்த துண்டுகளை உங்கள் முன்னாலேயே போடுகிறேன்.

"மேகம் கவிந்த ஒரு காலையில், பயணத்தின் மீது தீராக் காதல் கொண்ட ஒரு தம்பதி —"

(வேண்டாம். அன்றைக்கு மேகமே இல்லை. தீராக் காதலைப் பற்றி எனக்குத் தெரியாது. என் ஜன்னல் அவ்வளவு தூரம் எட்டாது.)

"பழைய மோட்டார் சைக்கிள் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை: முதலில், செயின். அடுத்து, —"

(இதைப் படிக்க எதற்குக் கதை? கடைக்காரரே சொல்லிவிடுவார், பொய்யாக.)

"அன்றும் அவளுக்குப் பேருந்தில் உட்கார இடம் கிடைக்கவில்லை."

இதுதான் சரி. அலுப்பாக இருக்கிறது, ஆனால் சரி. அக்கா பல்செட் செய்பவர். டாக்டர் அச்செடுத்து அனுப்பும் வாயை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத யாருக்கோ சிரிப்பைச் செய்து கொடுக்கும் வேலை. போன வருஷக் கடைசியில் அவருடைய பட்டறையை நகரத்தின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். முப்பத்தோரு கிலோமீட்டர். இரண்டு பேருந்து. போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர எவ்வளவோ. மாலையில் தெருமுனையில் இறங்கி அவர் நடந்து வருவதை நான் பார்ப்பேன். நாள் முழுக்கப் பிறர் பல்லைத் தேய்த்து மெருகேற்றிய தூசி புருவத்தில் இருக்கும். வீட்டு வாசலுக்கு வந்ததும் உடனே உள்ளே போக மாட்டார். கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அந்த ஒரு நிமிஷம்தான் அவருக்கென்று இருந்த நேரம். அதையும் நான் எட்டிப் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

முன்பென்றால் மாஸ்டர் தன் வண்டியில் கொண்டுபோய் விட்டிருப்பார். முன்பென்றால் எட்டு மாதத்துக்கு முன்பு. கண்ணில் அழுத்தம் கூடி, அவருக்கு ஓரப் பார்வை போய்விட்டது. நேரே உள்ளது பளிச்சென்று தெரியும், செய்தித்தாளில் பொடி எழுத்துகூடப் படிப்பார். பக்கவாட்டில் ஒரு யானை வந்து நின்றாலும் தெரியாது. உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில் பரிசோதித்துவிட்டு, கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன அதிகாரியும் அவருடைய பழைய மாணவர்தானாம். அந்த வாரமே மாஸ்டர் தன் வண்டியை விற்றுவிட்டார்.

3

இப்போது ஒரு சந்தேகம்.

மாஸ்டரை வில்லனாக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதச் சுலபம். மனைவி வண்டி ஓட்டுவதா என்று மீசையை முறுக்கும் கணவன். வாசகர்கள் உடனே பக்கம் பிரிந்துகொள்வார்கள். ஆனால் அவர் அப்படி இல்லையே. பத்தொன்பது வருஷத்துக்கு முன்பே அக்காவை அதட்டி உருட்டி உரிமம் வாங்க வைத்தவர். "கைல ஒண்ணு இருக்கட்டும்" என்றவர். இந்த ஆறு மாதமும் ஒவ்வொரு ஞாயிறும் காலி மைதானத்தில் அக்காவை இரவல் வண்டி ஓட்டவைத்து, நடுவில் நின்று கத்திக் கத்திப் பழக்கியவர். "கிளட்சைப் பொறுமையா விடு. அது உனக்கு எதிரி இல்ல." இதே வாக்கியத்தை என்னிடமும் சொல்லியிருக்கிறார். எனக்கு அது எதிரியாகவே இருந்தது.

அவருடைய கோளாறு வேறு. டிரைவிங் ஸ்கூல் காரில், கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. மாணவன் சொதப்பினால் மாஸ்டர் மிதிப்பார். இருபத்தாறு வருஷம் அவர் உட்கார்ந்தது பக்கத்து சீட்டில்தான், ஓட்டியது யாரோதான். ஆனாலும் கடைசி வார்த்தை அவருடைய வலது காலில் இருந்தது. அந்தக் கால் இன்னும் ஓயவில்லை. தொலைக்காட்சியில் ஒரு லாரி குறுக்கே வந்தால் போதும், சோபாவில் உட்கார்ந்தபடி தரையை மிதிப்பார். அக்கா கத்தியால் காய் நறுக்கினால் மிதிப்பார். கண் டாக்டர், "இன்னும் ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ, நேர்ப் பார்வையும் சுருங்கலாம், அதுக்குள்ள பாக்கணும்னு ஆசைப்பட்டதைப் பாத்துக்குங்க" என்று சொன்னபோதும் மிதித்தாராம். அக்கா சொன்னது.

அவர் பார்க்க ஆசைப்பட்டது ஒரு ஏரி. மலைப்பாதையில் முப்பத்தாறு வளைவு ஏறினால் வருவது. போக, வர நான்கு நாள். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவரே வழி வரைந்து, எங்கே பெட்ரோல், எங்கே படுக்கை என்றெல்லாம் குறித்து, அலமாரியில் வைத்து ஆறு வருஷமாகிறது. எல்லா வருஷமும் அடுத்த வருஷம்.

ஆக, அக்காவுக்கு வேண்டியது ஒரே வண்டி: வேலைக்குப் போக, ஏரிக்குப் போக. மாஸ்டர் சம்மதித்தது பாதிக்கு மட்டும்.

"உனக்கு வேலைக்குப் போய்வர வண்டி. அவ்வளவுதான். நான் எங்கயும் வரல."

4

பழைய வண்டிக் கடை என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீள முற்றம். வரிசை வரிசையாக வண்டிகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, யாரோ கூப்பிடக் காத்திருப்பவை போல. (நான் போகவில்லை. அக்கா சொல்லக் கேட்டதுதான். சாய்ந்து காத்திருந்தது மட்டும் என் சரக்கு.)

கடைக்காரர் ஓடி வந்தார். "மாஸ்டர்! நம்ம கடைக்கா! என்னை ஞாபகம் இருக்கா? ரிவர்ஸ் எடுக்கும்போது தென்னமரத்துல விட்டேனே!"

"மரத்தை ஞாபகம் இருக்கு" என்றார் மாஸ்டர்.

முதலில் காட்டியது உயரமான வண்டி. காட்டுமேடெல்லாம் ஏறுமாம். அக்கா ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கால் கட்டைவிரல்களும் தரையைத் தேடின.

"எண்பத்திரண்டு இருக்கும் இது" என்றார் மாஸ்டர், பார்த்த மாத்திரத்தில். "சிக்னல்ல நிக்க ஏணி வேணும். அடுத்தது."

அடுத்தது தாழ்ந்த வண்டி. நீளமானது, கால்களை முன்னால் நீட்டி, நாற்காலியில் சாய்வதுபோல் உட்கார வேண்டியது. அக்காவின் பாதம் சுகமாகத் தரையில் படிந்தது. மாஸ்டருக்குப் பிடித்துப்போயிற்று. அவர் குனிந்து செயினைச் சுண்டி, எஞ்சின் அடியில் விரலை விட்டு எண்ணெய்க் கசிவு பார்த்து நிமிர்ந்தபோது, அக்கா முன்சீட்டில் இல்லை. பின்சீட்டுக்கு நகர்ந்திருந்தார்.

"அங்க எதுக்கு உக்காந்திருக்க?"

"பாக்குறேன்."

"என்னத்தைப் பாக்குற?"

"தபால்தலை அளவுக்கு இருக்கு. பிடிச்சுக்கக் கம்பியும் இல்ல. பத்து கிலோமீட்டர் போனா இடுப்பு போயிரும்."

"ஓட்டுறது முன்னாடி!"

"உக்கார்றது பின்னாடி."

கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, இத்தனை வருஷத்துல பின்சீட்டை டெஸ்ட் பண்ணி வண்டி வாங்க வந்த முதல் ஆள் நீங்கதான்."

"இருபத்திரண்டு வருஷம் அங்கதான் இருந்தேன் தம்பி. எனக்குத் தெரிஞ்ச சீட்டு அதான்."

மூன்றாவது, சாம்பல் நிறம். ஏழு வயது வண்டி. திரும்பிப் பார்க்க ஒன்றுமில்லை. நிமிர்ந்து உட்கார அகலமான கைப்பிடி, மெத்தென்ற நீள சீட்டு, பின்னால் கெட்டியான கம்பி. கிளட்சை இரண்டு விரலால் பிடிக்க முடிந்தது. அக்கா முதலில் பின்னால் உட்கார்ந்தார். கால்மிதியில் பாதத்தை வைத்து, கண்ணை மூடி, கடைக்காரரை எஞ்சினை முறுக்கச் சொன்னார். பிறகுதான் முன்னால் வந்தார்.

"எழுபத்தேழு. நுனிக்கால் ஊனுது, போதும்" என்றார் மாஸ்டர், வேறெங்கோ பார்த்தபடி.

5

(இந்தப் பகுதியில் கதை நகராது. அவசரக்காரர்கள் ஆறுக்குப் போகலாம்.)

வசதி என்ற சொல்லை வண்டி விற்பவர்கள் எப்போதும் ஓட்டுபவரின் முதுகை வைத்தே பேசுகிறார்கள். பின்னால் உட்கார்ந்தவரைக் கேட்டவர் உண்டா? இருபத்திரண்டு வருஷத்தில் அக்கா கற்ற பாடத்தை எந்த விளம்பரமும் சொல்லாது. சைலன்சர் சூடு எந்தப் பக்கக் கெண்டைக்காலைத் தீய்க்கும். எந்த வேகத்தில் கால்மிதி அதிர ஆரம்பித்து, பாதம் மரத்துப்போகும். கியர் மாற்றும்போது தலை முட்டாமல் இருக்க எப்போது கழுத்தை விறைக்க வேண்டும். முக்கியமாக, முன்னால் இருப்பவரின் தோளைப் பார்த்தே அவர் பிரேக் போடப் போவதை அரை நொடி முன்பு தெரிந்துகொள்வது எப்படி.

பின்சீட்டு என்பது நம்பி உட்காரும் இடம். கையில் ஒன்றும் கிடையாது, காலில் ஒன்றும் கிடையாது. அக்காவைப் போன்றவர்கள் அதை ஒரு நாள்கூட நம்பிக்கை என்று பேர் சொல்லி அழைத்ததில்லை. ஏறி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அதே இடத்தில் இப்போது ஒரு மனிதர் உட்கார வேண்டும் என்றதும், அது என்னமோ பெரிய தத்துவமாகிவிட்டது எனக்கே —

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அலுப்பாக இருந்தது.)

6

சோதனை ஓட்டம்.

"நீ ஓட்டிட்டு வா. நான் இங்க நிக்கிறேன்" என்றார் மாஸ்டர்.

"ரெண்டு ஆளை வெச்சு எப்படி இழுக்குதுன்னு பாக்க வேண்டாமா? உங்களுக்குப் பதிலா சிமெண்ட் மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போகவா?"

கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். மாணவன் முன்னால் பயந்தவராகத் தெரிவது பிடிக்காமல்தான் மாஸ்டர் ஏறினார் என்பது அக்காவின் கணிப்பு. ஏறியவர் கம்பியைப் பிடிக்கவில்லை. கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார், வகுப்பறையில் உட்கார்ந்தவர் மாதிரி.

இரண்டு தெரு சுற்றினார்கள். வண்டி நன்றாகப் போயிற்று. வழி முழுக்கத் தன் பின்னால் வலப்பக்கக் கால்மிதியில் 'டக், டக்' என்று ஒரு சத்தத்தை அக்கா உணர்ந்தார். குழிக்கு ஒன்று, திருப்பத்துக்கு ஒன்று. மிதிக்கிறார். மிதித்துக்கொண்டே வருகிறார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. (அப்படித்தான் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.)

கடை வாசலுக்குத் திரும்பும் இடத்தில், வலப்பக்கத்திலிருந்து ஒரு தள்ளுவண்டி வந்தது. அக்கா அதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்திருந்தார். மாஸ்டருக்கு அது திடீரென்று காற்றிலிருந்து முளைத்தது. மிதித்தார். மறுபடி மிதித்தார். பிறகு அவருடைய வலது கை, அக்காவின் அக்குளுக்கு அடியில் நுழைந்து, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தது.

வளைந்துகொண்டிருந்த வண்டி, நடை வேகத்தில், களைத்த மாடு படுப்பதுபோல இடப்பக்கம் மெல்லச் சாய்ந்து படுத்தது. அக்கா கீழே, மாஸ்டர் மேலே. முழங்கையில் சிராய்ப்பு, ஒரு இண்டிகேட்டர் உடைசல், வேறொன்றுமில்லை.

மண்ணில் கிடந்தபடி மாஸ்டர் சொன்னது இரண்டே வார்த்தை.

"மிதிச்சேன். பிடிக்கல."

கடைக்காரர் பதறி ஓடி வந்தார். உதவத்தான் வந்தார், பாவம். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "மாஸ்டர், திருப்பத்துல முன் பிரேக்கைத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க!"

மாஸ்டர் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, தெருவுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அக்கா எழுந்தார். கடைக்காரர் கை கொடுக்க வந்ததைத் தடுத்தார். வண்டிக்கு முதுகைக் காட்டி, குந்தி, ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் பின்கம்பியையும் பிடித்து, காலால் உந்தி, தனியாகவே நிமிர்த்தினார். மாஸ்டர் மைதானத்தில் சொல்லிக்கொடுத்த முறை.

"விழுந்தா என்னால தூக்க முடியுது" என்றார் மூச்சு வாங்க. "இதையே குடுங்க."

7

அதற்குப் பிறகு ஆறு வாரம். அக்கா இப்போது ஐம்பது நிமிஷத்தில் வேலைக்குப் போகிறார். மாலையில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. மாஸ்டர் வண்டியின் பக்கமே போவதில்லை. அக்கா கிளம்பும்போது வாசலில் நின்று, காதால் மட்டும் கேட்டு, "செயின் தொங்குது, இறுக்கச் சொல்லு" என்பார். சரியாகத்தான் இருக்கும். இரண்டாவது ஹெல்மெட் ஆணியில் தொங்குகிறது. பின்சீட்டில் தூசி.

கதை இந்த இடத்தில் நின்றுபோய், நானும் பேனாவை மூடிவைத்துவிட்டு என் அலுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அப்போதுதான், போன சனிக்கிழமை மதியம், அக்கா என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார். கையில் கிண்ணம்.

"குடுத்த உப்பைத் திருப்பி வாங்க வந்தேன்."

"உங்க வீட்டுல உப்பு இல்லையா?"

"இருக்கு. அன்னைக்கு உங்க வீட்டுலயும் இருந்துச்சு." உட்கார்ந்தார். "எங்களைப் பத்தி எழுதுறீங்களாமே?"

மறுத்துப் பயனில்லை. மேஜையில் இரண்டாம் பகுதி கிடந்தது. படித்தார். புருவத்துத் தூசி வரியில் மட்டும் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு பையிலிருந்து எதையோ எடுத்து மேஜையில் வைத்தார். ரோஸ் நிறம். உள்ளங்கை அளவு. பல்செட்டில் ஈறு செய்கிற அதே பொருள். பார்த்ததும் என்னமோ போலிருந்தது.

"இது மொதல்ல செஞ்சது, அளவு சரியா வரல. ரெண்டாவதை வண்டியில மாட்டிட்டேன். பின்னாடி, வலப்பக்கக் கால்மிதிக்கு முன்னால."

"என்னது இது?"

"பிரேக்."

"பிடிக்குமா?"

"ஒண்ணும் பிடிக்காது. அடியில ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். ஆனா மிதிச்சா என் கால்மிதிக்கு அதிர்வு வரும், குதிகால்ல தெரியும். அவருக்குப் பயம்னு எனக்குத் தெரிஞ்சா போதும். பிரேக் போடணுமா வேண்டாமான்னு நான் பாத்துக்குறேன்."

"மாஸ்டர் என்ன சொன்னார்?"

"எட்டு நாளாச்சு மாட்டி. அவர் பாக்கல. வண்டியோட அந்தப் பக்கம் சுவரை ஒட்டி நிக்குது. அவருக்குத்தான் ஓரம் தெரியாதே."

"சொல்ல வேண்டியதுதானே அக்கா?"

"சொன்னா, 'என்னை என்ன குழந்தையாக்குறியா'ம்பார். நான் சும்மா இருப்பேனா, பதிலுக்கு ஒண்ணு சொல்லுவேன். அப்புறம் மூணு நாள் பேச்சு கிடையாது. எனக்கு அலுத்துப்போச்சு." ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கிருந்து தன் வீடு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று நிதானமாகப் பார்த்தார். "நீங்கதான் தெருவுல நடக்குற எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்வீங்களே. ஒரு தடவை உபயோகமா சொல்லுங்க."

"முடிவு எப்படி வைக்கட்டும்?"

"வைக்காதீங்க. ஏறினார்னு எழுதினா, 'நான் எப்ப ஏறினேன்'னு பென்சிலோட உங்க வாசல்ல வந்து நிப்பார். ஏறலன்னு எழுதினா, அச்சுலயே வந்திருச்சு, இனி அதான் சரின்னு உக்காந்திருவார்."

உப்பை வாங்கிக்கொண்டுதான் போனார்.

8

சொன்னால் கேட்கிற ஆளா நான்? மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் இருவரும் ஏரிக்கரையில் நிற்கிறார்கள், நீரில் மலையின் நிழல் — (பொய். அந்த ஏரியை நான் பார்த்ததில்லை.)

ஒன்றில் அக்கா தனியாகப் போய், படம் எடுத்து வந்து காட்டுகிறார். மாஸ்டர் அதை நேரே வைத்துப் பார்த்து — (எழுதும்போதே எனக்குத் தாங்கவில்லை.)

ஒன்றில் வண்டியை விற்றுவிடுகிறார்கள். கடைக்காரர், "பின்சீட்டு புத்தம் புதுசு" என்று அடுத்தவரிடம் —

போதும்.

இந்தப் பத்திரிகை வியாழக்கிழமை வரும். எதிர்வீட்டில் ஒருவர் அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பார். என் பெயர் போட்ட பக்கத்தை ஒன்றுக்கு இரண்டு முறை படித்து, தப்புக்குக் கீழே கோடு போட்டு, படியேறி வந்து காட்டுவார். அவரிடம் இனி நேராகவே பேசிவிடுகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்.

மாஸ்டர், கோபம் வேண்டாம். வருஷக் கணக்கில் எங்காவது தப்பு இருக்கலாம், கோடு போடுங்கள். நீங்கள் சோபாவில் மிதித்ததையெல்லாம் எழுதினது என் வாய்க்கொழுப்பு. அதற்கும் கோடு போடுங்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமையோடு லீவு சேர்த்து நான்கு நாள் எடுத்திருக்கிறார். அலமாரியில் இருந்த நாள்காட்டித் தாள் இப்போது அங்கே இல்லை, வண்டிப் பெட்டியில் இருக்கிறது. முப்பத்தாறு வளைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை மிதித்தாலும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

கோடு போட்டு முடித்ததும் பென்சிலைக் கீழே வையுங்கள். வெளியே போய், வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நுழையுங்கள். இடம் குறுகல்தான். எழுபத்து மூன்று என்று நீங்கள் கோடு போட்ட அதே சுவர். அங்கே நின்று, தலையை முழுசாகத் திருப்பி, கீழே பாருங்கள். ரோஸ் நிறத்தில் இருக்கும்.

அதற்கு மேல் இந்தக் கதை என்னுடையதல்ல. ஞாயிற்றுக்கிழமை காலை என் சமையலறை ஜன்னல் சாத்தியிருக்கும்.

(சாத்தியிருக்காது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.)